லெட்சுமி நம்பர் டூ

வணக்கம் டீச்சர்,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். பதினோரு வருடமாக ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை. இப்போது துணை இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். போனால் கூட்டம், பட்ஜெட், டெண்டர் என்றே காலம் ஓடிவிடும். எனக்கு சர்வரோடு இருக்கத்தான் பிடிக்கிறது. மெஷின், மனிதர்களைப் போல ஆள் பார்த்து நடப்பதில்லை. போகலாமா? நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 64 வளாகங்களுக்கும் மேலே ஒரு தகவல் தொழில்நுட்பத் தலைமை இருக்கிறது. நம்முடைய 20 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படி வேண்டாமா? ஹேக்கர் தொல்லை பற்றியும் எழுதுங்கள். என் பெயரைப் போடவேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. ஆனால் எழுதப்போவது பெயரைப் பற்றித்தான், பொறுத்துக்கொள்.

64, 20 கணக்கை ஓரமாக வை. இங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித் துணைவேந்தர், தனி வாரியம். மாணவர் நுழையும் வாசல் மட்டும் யுபியு என்ற பொதுச் சேர்க்கை முறையாக இருக்கிறது. மற்றதை மந்திரி பார்த்துக்கொள்ளட்டும். ஹேக்கரா? பாஸ்வேர்டை எழுதித் திரையில் ஒட்டிவைக்கவேண்டாம் என்று உன் ஆபீசில் முதலில் சொல்.

மெஷின் ஆள் பார்த்து நடப்பதில்லை என்று எழுதினாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துப் பிள்ளை எழுதுகிற வரியா அது?

என் அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயா மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகையும் கூலியும் குறிக்கும் செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார். அம்மாவின் கும்பலில் இரண்டு லெட்சுமி. மூத்தவர் லெட்சுமி ஒன்று, அம்மா லெட்சுமி இரண்டு. நம்பர் டூ என்றால்தான் அம்மா 'ஐயா' என்று குரல் கொடுப்பார். கட்டம் போட்ட அந்த நீளமான தாளில் ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்தில் பேனா பட்டால் கூலி. மழை வந்து பால் கெட்டால் அரை நாள்.

ஒரு மாதம் அம்மாவின் ஆறு நாள் மேல் வரியில், லெட்சுமி ஒன்றின் பெயரில், விழுந்துவிட்டது. சம்பளத்தன்று மேசைக்கு முன்னால் நின்று அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டுகிறார். கிராணி நல்ல மனிதர், தீபாவளிக்கு எங்களுக்குப் பட்டாசு வாங்கித் தருவார். அவரும் தாளைத் திருப்பிக் காட்டி, "புக்கில இல்லையேம்மா" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி லெட்சுமி ஒன்று எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து அம்மா கையில் வைத்தார். புத்தகத்தை யாரும் திருத்தவில்லை.

செக்ரோலும் ஆள் பார்க்காத மெஷின்தான், தம்பி. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று அதைக் கட்டம் போட்டவன் யோசிக்கவில்லை, அவ்வளவே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள். அதுவும் அரசுடையது, 10 வளாகம். எல்லாருக்கும் ஒரே செக்ரோல் போடலாம் என்று 2011-இல் யுசிபாத் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கடைசி வளாகம் வந்து சேர 2020 ஆகிவிட்டது. செலவு முதலில் சொன்னதைவிட வெகுவாக ஏறி 500 மில்லியன் டாலருக்கு மேல் போனதாக மாநிலத் தணிக்கையாளர் 2017-இல் எழுதினார். ஒவ்வொரு வளாகமும் தன் வழக்கப்படி சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடைப்பது லேசா? புது முறைக்கு மாறிய சமயத்தில், பாடம் நடத்திக்கொண்டே படிக்கும் மாணவர்கள் சிலருக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. அங்கேயும் யாரோ ஒருத்தி மேசைக்கு முன்னால் நின்று விரல் விட்டு எண்ணியிருப்பாள்.

அவ்வளவு தூரம் எதற்கு? என் மகளின் ஐசியில், அதுதான் அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'இன்னாரின் மகள்' என்று சொல்லும் ஏ/பி இருக்கிறது, நம் பெண்கள் பலருக்கும் இருப்பதுபோல. அவள் படித்த பல்கலைக்கழகத்தின் சிஸ்டம் அந்தச் சாய்கோட்டை விழுங்கிவிட்டது. பட்டச் சான்றிதழில் ஏபி ஒட்டிக்கொண்டு, அவளுக்குப் புதிதாய் ஒரு நடுப்பெயர் பிறந்தது. வேலைக்குப் போன இடத்தில் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டார்கள். காப்பிக்கடைக்கு மேல் மாடியில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று, நான்தான் நான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். கவுன்டர் பையன் பாவம், "சிஸ்டம் எடுக்கலை ஆன்ட்டி" என்றான். எனக்குக் கிராணி ஐயா நினைவுதான் வந்தது.

அந்தச் சாய்கோட்டை வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்? உன்னைப்போல் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் இல்லை. டெண்டரில் என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதிய கூட்டத்தில், சாய்கோடு உள்ள பெயர்க்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருந்தாரோ என்னவோ. பல இடங்களில் இயக்குநர் நாற்காலியில் விரிவுரையாளர் ஒருவரைச் சில வருடத்துக்கு உட்காரவைக்கிறார்கள். நாற்காலி சூடாவதற்குள் அவர் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். கம்பெனிக்காரன் கொடுத்த கட்டம் அப்படியே நிற்கும்.

நீ வேண்டாம் என்கிற கூட்டமும் பட்ஜெட்டும் டெண்டரும்தான் செக்ரோலுக்குக் கட்டம் போடுகிற இடம். பதினோரு வருடம் உள்ளே இருந்துவிட்டு, கூட்டத்தில் உட்கார அலுப்பாக இருக்கிறது என்கிறாய். கோபம் வருகிறது தம்பி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுந்து ஓடுகிறவன் நீதான் என்பதும் தெரியும். அந்த அக்கறை உள்ளவன் மேசைக்கு அந்தப் பக்கம் போகட்டும் என்றுதான் இவ்வளவும் கத்துகிறேன்.

சரி, கடைசி நாள் என்றைக்கு? அதை எழுதவே இல்லையே. விண்ணப்பம் ஆன்லைனில்தான் இருக்கும். உன் பெயரை, 'இன்னாரின் மகன்' என்கிற ஏ/எல்லோடு தட்டிப் பார். எடுக்கிறதா என்று எனக்கு எழுது.