ஐஇஎம்-ல் (காதுக்குள் சொருகும் இயர்ஃபோனில்) பாஸ் என்னும் அடியொலி கேட்கவில்லை, ஒரு மணி நேரத்தில் காதும் வலிக்கிறது: இயர் டிப் மாற்றினால் சரியாகுமா, எதை வாங்குவது?

பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். பெட்டியிலேயே குறைந்தது மூன்று அளவு டிப், அதாவது ஐஇஎம் முனையில் மாட்டும் மெத்தென்ற உறை, வந்திருக்கும். அதில் நடுத்தர அளவைத்தான் கம்பெனியில் மாட்டி அனுப்புவார்கள். அதையே காதில் சொருகிக்கொண்டு, விமர்சனத்தில் சொன்ன பாஸ் எங்கே என்று தேடுகிறவர்கள் ஏராளம். மற்ற இரண்டு ஜோடியும் உறை பிரிக்காமல் மேஜை டிராயரில் கிடக்கும்.

முதலில் பாஸ். ஐஇஎம்-ல் ஒலி எழுப்பும் ட்ரைவர் மிகச் சிறியது. அறைக் காற்றை அசைக்கும் வேலை அதற்கு இல்லை. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட துளிக் காற்றை அழுத்தித் தளர்த்தினால் போதும். அந்த அடைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தம், அதாவது தாழ்ந்த அதிர்வெண், அதன் வழியே கசிந்துவிடும். மேல் அதிர்வெண்களுக்கு அப்படிக் கசிய நேரம் இருக்காது. ஆகவே சீல், அதாவது இந்த அடைப்பு, சரியில்லாத ஐஇஎம்-ல் மொத்த ஒலி குறையாது. அடிப்பகுதி மட்டும் காணாமல் போய், மிச்சம் தகர டப்பாவில் தட்டியது போலக் கேட்கும். பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்னும் நுண்ணிய ட்ரைவர் வகை மட்டும் உள்ள ஐஇஎம்களில் இந்த இழப்பு இன்னும் அதிகம். சாதாரண ஸ்பீக்கர் போன்ற டைனமிக் ட்ரைவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

உங்களுக்கு சீல் ஆகிறதா என்று கண்டுபிடிக்க ஃபோனில் ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போதும். ஒலியைக் குறைத்து வைத்து 40 ஹெர்ட்ஸ் ஓட விடுங்கள். இப்போது ஒரு பக்க ஐஇஎம்-ஐ விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி திடீரென்று பெருத்தால் அந்தப் பக்கம் கசிகிறது. மாறாமல் இருந்தால் சீல் சரி. அடுத்த பக்கத்தையும் தனியாகப் பாருங்கள். பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், எதையாவது மெல்வது போல் தாடையை அசையுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமே மாறுகிறது. சும்மா இருக்கும்போது நிற்கிற சீல் பேசும்போது உடைவது அதனால்தான். பாடகரின் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாலும் பெரும்பாலும் காரணம் ஒரு பக்கக் கசிவே.

இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடதுக்கு எல், வலதுக்கு எம் என்று மாட்டிக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. ஒரே மாடல் டிப்பாக மட்டும் இருக்கட்டும்.

அளவு சரியாக இருந்தும் கசிந்தால் சொருகும் முறையைப் பாருங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். வளைந்திருக்கும் காதுக்குழாய் ஓரளவு நேராகும். அந்த நிலையில் ஐஇஎம்-ஐச் சற்றே திருகியபடி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். டிப்பைச் சுற்றிக் காதுக்குழாய் தானாக இறுகும். வெறுமனே நேராக அழுத்தினால் சிலிகான் ஓரம் ஒரு பக்கம் மடிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த மடிப்புதான் கசிவு. உள்ளே விடும்போது பிளாஸ்டிக் நொறுங்குவது போல ‘கிரிச்’ என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். அழுத்தத்தில் டைனமிக் ட்ரைவரின் சவ்வு வளைந்து திரும்பும் சத்தம் அது. மெதுவாக விட்டால் குறையும்.

சீல் ஆனபின் வருவது ஆழம். ட்ரெபிள் என்னும் உச்ச ஒலி உறுத்துகிறது, ‘ச’, ‘ஷ’ எல்லாம் குத்துகிறது என்ற புகார்களில் பாதிக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. வளர்ந்தவர்களின் காதுக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். ஐஇஎம் அதன் வாயை அடைத்ததும், டிப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே மிஞ்சும் நீளத்தைப் பொறுத்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எழும். மிஞ்சும் நீளம் 22 மில்லிமீட்டர் என்றால் அது ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸில் வரும். இன்னும் 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் 10 கிலோஹெர்ட்ஸை நெருங்கும். 6 முதல் 8 வரையிலான பகுதி காதுக்கு உறுத்தல் அதிகம். அந்த முகட்டை மேலே நகர்த்திவிட்டால் அதே ஐஇஎம் சாந்தமாகக் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் ஒலி வரைபடங்களில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் ஒரு மேடு தவறாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஐஇசி 60318-4 என்னும் தரநிலைப்படி அமைந்த அளவுக் கருவியில் வழக்கமான ஆழத்தில் ஐஇஎம்-ஐச் சொருகும்போது வரும் மேடு அது. உங்கள் காதில் அது வேறு இடத்தில் இருக்கும். ஆகவே அந்த மேட்டைப் பார்த்து ஈக்யூ போட்டு ஒலியைத் திருத்துவது வீண் வேலை. அதே டோன் ஆப்பில் 5-லிருந்து 11 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், எங்கே சட்டென்று உரக்கக் கேட்கிறது என்று பாருங்கள். ஒலியைக் குறைத்தே வைத்திருங்கள்.

ஆழம் டிப்பின் அளவையும் உருவத்தையும் பொறுத்தது. பெரிய டிப் வாசலிலேயே நின்றுவிடும்; சிறியது உள்ளே போகும். குட்டையான அரைக்கோள வடிவம் வெளியே உட்காரும், நீண்ட கூம்பு வடிவம் ஆழமாகப் போகும். எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட இஆர்-4 முதலே மூன்றடுக்கு டிப்பை மிக ஆழமாகச் சொருகச் சொல்வது இந்தக் கணக்கில்தான். அதில் இன்னொரு லாபமும் உண்டு. காதுக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. பேசும்போது அது அதிர்ந்து, அடைபட்ட காற்றில் நம் குரலையே கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆக்கும். டிப் எலும்புப் பகுதி வரை போய்விட்டால் அந்த முழக்கம் அடங்கும். மேடையில் பாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் எலும்பின் மேல் இருக்கும் தோல் மெல்லியது, தொட்டாலே உணரும். எல்லாராலும் அவ்வளவு ஆழம் தாங்க முடியாது. முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டிப்பின் நடுத்துளையின் அகலத்துக்கு மூன்றாவது இடம்தான். வைட் போர், நேரோ போர் என்று கடையில் எழுதியிருப்பது இதைத்தான். அகலத் துளையில் ட்ரெபிள் கொஞ்சம் வெளிச்சமாகவும், குறுகிய துளையில் மேல்பகுதி சற்று மங்கிப் பாஸ் முன்னால் வந்ததுபோலவும் கேட்கும். ஜேவிசி-யின் ஸ்பைரல் டாட் முதல் வகை, ஃபைனல் நிறுவனத்தின் டைப் ஈ இரண்டாம் வகைப் பக்கம். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. ‘டிப் மாற்றினேன், சவுண்ட்ஸ்டேஜ் (இசை பரந்து ஒலிக்கும் உணர்வு) விரிந்தது’ என்று எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மாறியது சீலும் ஆழமும்தான் என்பது என் எண்ணம்.

ஃபோம் டிப் பற்றிக் கேட்காமல் விட்டாலும் யாராவது பரிந்துரைப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். உருட்டி நசுக்கி, உள்ளே விட்டு, விரியும் வரை 20, 30 வினாடி பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பாதி வெளியே வந்து நிற்கும். வெளிச் சத்தத்தை ஒற்றை அடுக்கு சிலிகானைவிட நன்றாக அடைக்கும், ட்ரெபிளைக் கொஞ்சம் உறிஞ்சும். கூர்மையான ஐஇஎம்-க்கு அது வரம். ஏற்கெனவே மந்தமான ஐஇஎம்-ஐ இன்னும் போர்த்திவிடும். நம் ஊர் வியர்வையிலும் காதுக் குறும்பியிலும் சில மாதங்களில் விரியும் தன்மை போய்விடும். பிறகு மாற்றத்தான் வேண்டும். ஈரத் துணியால் துடைக்கலாம், ஸ்பிரிட் வேண்டாம்.

இனி வலி. எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில். துவாரத்துக்குள் சுற்றிலும் அழுத்தம் போல வலித்தால் டிப் பெரிது அல்லது கெட்டி. ஓர் அளவு இறங்குங்கள், கசிந்தால் அதே அளவில் மெல்லிய சிலிகான் தேடுங்கள். வலி வெளியே, மடலின் குழிவில் ஒரே புள்ளியில் இருந்தால் குற்றவாளி டிப் அல்ல, ஐஇஎம்-ன் கூடு. அதற்குச் சற்று நீளமான டிப் போட்டால் கூடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கும். பல நேரம் அதுவே போதும். காது அடைத்துக்கொண்டு செவிப்பறை உள்ளே இழுபடுவதுபோல் இருந்தால் அது காற்றழுத்தம். மடலை ஒருமுறை இழுத்து விட்டால் சமனாகும். கழற்றும்போதும் முதலில் திருகி சீலை உடைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அரிப்பு, தோல் உரிதல் இருந்தால் டிப்பின் பொருளை மாற்றிப் பாருங்கள். நீர் வடிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவும் செய்து பெட்டியில் உள்ள எதுவும் பொருந்தவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் முதலில் டிப் மாட்டும் குழலான நாசிலின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஷூர், எட்டிமோட்டிக் வகைகளில் அது 3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இப்போது வரும் சீன ஐஇஎம்களில் பெரும்பாலும் 5-லிருந்து 6-க்கு மேல். குறுகிய டிப்பைத் தடித்த நாசிலில் இழுத்து மாட்டினால் அதன் கழுத்து விறைத்து, மெத்தென்று இருக்க வேண்டிய டிப் கல்லாகும். உங்கள் வலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தளர்வான டிப் அதைவிட ஆபத்து: கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடும். விரல் நுனிக்கு எட்டவில்லை என்றால் ஹேர்பின், பட்ஸ் என்று எதையும் விடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாசிலில் விளிம்பு இல்லாமல் டிப் வழுக்கினால், பழைய டிப்பின் கழுத்தில் 2 மில்லிமீட்டர் வளையம் வெட்டி நாசிலில் போட்டு, அதன்மேல் டிப்பை மாட்டுங்கள், பிடிப்பு கிடைக்கும். வயர்லெஸ் இயர்பட்ஸ் என்றால் குட்டையான டிப்பாகப் பாருங்கள். நீளமானதைப் போட்டால் கேஸ் மூடாது, சார்ஜ் முனையும் தொடாது.

டிப்பைக் கழற்றி வைத்திருக்கும்போதே நாசிலின் வலையை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அதில் குறும்பி படிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒலி மங்கும், எந்த டிப் போட்டாலும் சரியாகாது. வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சிலிகான் டிப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தண்ணீர் நேராக அந்த வலைக்குள்தான் போகும்.