அறுத்த விளிம்பைப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு கேப்டவுன் போயிருந்தபோது ஸைட்ஸ் மோக்கா கலைக்கூடத்தையும் பார்த்தோம். இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பார்த்துச் சலித்த இடம் என்பதால் உள்ளே நுழைந்ததும் ‘ஆமாம், இதுதானே’ என்றுதான் இருந்தது. பிள்ளைகள் அண்ணாந்ததே போனைத் தூக்கிப் பிடிக்கத்தான். எல்லாம் திரையிலேயே கிடைக்கும்போது நேரில் போய் என்ன ஆகப்போகிறது? இப்போதெல்லாம் கட்டடங்களையே போட்டோவுக்காகத்தான் கட்டுகிறார்களா?

ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சகோதரி,

போட்டோவுக்காகக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போன கட்டடத்தை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, இத்தனைக்கும் அது பாதி திரையிலேயே பிறந்தது. 1920களில் கட்டிய தானியக் கிடங்கு அது. நெருக்கியடித்து நிற்கும் கான்கிரீட் குழாய்கள், நடுவே ஆள் நடமாட இடமே கிடையாது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் குழு ஒரு மக்காச்சோள மணியை ஸ்கேன் செய்து, கணினியில் பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி, அந்த வடிவத்தைக் குழாய்களுக்குள் குடைந்தெடுத்தது. 2017இல் திறந்தார்கள். நீங்கள் போனில் பார்த்தது இந்த வடிவத்தைத்தான். அறுத்த விளிம்பைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? பழைய சுவர் மெல்லியது, அப்படியே அறுத்தால் தாங்காது என்று உட்புறம் புதிய கான்கிரீட் வார்த்துக் கெட்டியாக்கிய பிறகே வாளை வைத்தார்கள். அறுத்த முகத்தை மெருகேற்றியும் விட்டார்கள். அதனால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் கல் உட்படத் தெரியும். எனக்கு அந்தக் கூடத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

2019இல் அங்கே ஜோஹானஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் பெரிய கண்காட்சி நடந்தது. அவர் கரியால் வரைவார், படம் பிடிப்பார், கொஞ்சம் அழித்து அதே தாளில் திருத்தி வரைவார், மறுபடி படம் பிடிப்பார். திரையில் ஓடுவதற்கென்றே செய்கிற வேலைதான். ஆனாலும் திரையில் நொடியில் கடந்துபோகிற கறையெல்லாம் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும், அதன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். திரையின் மேல் எனக்குக் கோபமே இல்லை. முடிந்த உருவத்தை மட்டும் கண்டுவிட்டு ‘பார்த்தாச்சு’ என்று நகர்ந்துவிடுகிறோமே, அதுதான் பொறுக்கவில்லை.

இதற்குக் கேப்டவுன்வரை போகவும் வேண்டாம். டர்பனிலேயே, பெல்லேர் ரோட்டில் நம் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து மீட்ட செதுக்குவேலைக் கதவுகளை இப்போதைய கோயிலில் பொருத்தியிருக்கிறார்கள். ஈஸ்டர் சமயத்துத் தீமிதிக்கு அத்தனை கூட்டம், அத்தனை போன், அந்தக் கதவைப் படமெடுத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, பிள்ளைகளைக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் அங்கே கூட்டிப் போங்கள். போனைப் பிடுங்காதீர்கள், வீண் சண்டை. கதவில் உளி பட்ட இடம் எது, நாள்பட்டுத் தேய்ந்த இடம் எது என்று தேடச் சொல்லுங்கள், வேண்டுமானால் அதையே கிட்ட வைத்துப் படமெடுக்கட்டும். அவர்கள் கண்ணில் என்ன பட்டது என்று எனக்கு எழுதுங்கள்.