1861 ‘ஓ’ இருபது டாலர் தங்கக் காசு: தங்கம் சரி, எழுத்து சரியா?

கேள்வி: 1861-ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்புறம் ஆங்கில ‘ஓ’ (O) முத்திரை இருக்கிறது. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் கூட்டரசு அடித்தது என்கிறார் விற்பவர். நகைக்கடையில் தங்கம் சரி என்று சொல்லிவிட்டார்கள். வாங்கலாமா?

பதில்: தங்கம் சரியாக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே ஆண்டில் ஃபிலடெல்ஃபியா நாணய ஆலை இதே காசை 29 லட்சத்துக்கும் மேல் அடித்தது; அதில் முத்திரை எழுத்து கிடையாது. நியூ ஆர்லியன்ஸ் ஆலை அடித்தது 17,741 மட்டும்; அதன் அடையாளம்தான் ‘ஓ’. எடையும் மாற்றும் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் ஃபிலடெல்ஃபியா காசில் ஒரு குட்டி ‘ஓ’வை ஒட்டி விற்பது பழைய தந்திரம். அதை உரைகல் காட்டிக்கொடுக்காது. மேலும் உரசிய கீறல் அரிய காசின் விலையைக் குறைத்துவிடும்; இனி யாரையும் உரச விடாதீர்கள்.

முதலில் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை. எடை 33.436 கிராம், அதாவது நான்கு பவுனுக்குக் கொஞ்சம் மேல். தேய்ந்திருந்தால் எடை சற்றுக் குறையலாம், அதிகமாகாது. விட்டம் 34 மி.மீ. தங்கம் 90 சதவீதம். காசின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் விரல்களில் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றினால் பின்புறம் தலைகீழாகத் தெரிய வேண்டும். நம் ரூபாய்க் காசு போல நேராக நின்றால் சந்தேகம்தான். கழுகுக்கு மேலே ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற ஆங்கில வாசகம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. அது 1866-ல்தான் இந்தக் காசில் ஏறியது.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு 1.95 கிராம் அளவில் காட்ட வேண்டும். இதே எடையில் முலாம் பூசிய பித்தளை 4-ஐ நெருங்கும், டங்ஸ்டன் உலோகம் 1.75 பக்கம் இறங்கும். காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கூடிவிடும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் தேறினாலும் கேள்வி அந்த எழுத்தில்தான். கழுகின் வாலுக்குக் கீழே பத்து மடங்கு லென்ஸை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். உண்மையான ‘ஓ’ தளத்திலிருந்தே எழும்பி நிற்கும். ஒட்டியதில் எழுத்தின் காலடியில் மயிரிழைப் பிளவு, சுற்றிலும் நிறமாற்றம், தளத்தை வழித்து மழுப்பிய தடம் தெரியும். முன்புற ஆண்டு எண்களின் அடி மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நியூ ஆர்லியன்ஸ் காசுகள் பலவற்றில் அது இயல்பு.

கூட்டரசுக் கதைக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸ் ஆலை 1861 ஜனவரியில் அமெரிக்க அரசின் கீழ் 5,000 காசு அடித்தது. ஜனவரி 26-ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்த லூசியானா (நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் மாநிலம்), மாதக் கடைசியில் ஆலையை எடுத்துக்கொண்டு 9,750 அடித்தது. பிறகு கூட்டரசு 2,991. ஏப்ரலில் அச்சடிப்பு நின்றது. மூவரும் பயன்படுத்தியது அமெரிக்க அரசின் அச்சையேதான். காசில் எந்த அரசின் பெயரும் மாறவில்லை. கணக்குப் போட்டால் ஆறில் ஒன்றுதான் கூட்டரசுடையது. விற்பவர் வாய்வார்த்தைக்கு ஒரு பைசாகூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

காசு அசலா என்று ஆராய்ந்து தர எண் கொடுக்கும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின் சான்றுப் பெட்டியில் இருந்தால், அதன் எண்ணை அந்நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள். படம் இருந்தால் கையிலுள்ள காசின் கீறல்களோடு ஒப்பிடுங்கள். வெறும் காசாக இருந்தால், சான்று வராவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம். வெறும் காசில் விளிம்பையும், குறிப்பாக முன்புறத் தலைக்கு மேலே, பாருங்கள்: பதக்கமாக்க வளையம் பற்றவைத்து எடுத்த வடு இருந்தால் நிறுவனங்கள் பெரும்பாலும் தர எண் கொடுக்காமல் ‘பழுது’ என்றே குறிக்கும், விலையும் அதற்கேற்ப இறங்கும். பளபளப்புக்காகப் பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டுத் தேய்த்தாலும் அதே கதிதான்.