கேள்வி நேரம்: நடுக்கடல்ல நங்கூரம் போடுவாங்களா?

கேள்வி: பாய்மரப் படகுலயே குடியிருந்துக்கிட்டு நாடு நாடா சுத்துறாங்களே, ராத்திரியானா என்ன பண்ணுவாங்க? நங்கூரத்தப் போட்டுட்டுத் தூங்கிடுவாங்களா? (வாசகி, கடலூர்)

இதையேதான் எங்க வீட்லயும் கேட்டாங்க அக்கா. அட்லாண்டிக் நடுவுல ஆழம் சாதாரணமா 3, 4 கிலோமீட்டர், படகுல இருக்குற சங்கிலியோ 60, 70 மீட்டர், எங்க போய்ப் போட? நங்கூரமெல்லாம் கரையோரம்தான். அங்கயும் 5 மீட்டர் ஆழம்னா 25 மீட்டராச்சும் சங்கிலி விடணும், அது தரையோட படுத்துக் கிடந்து இழுத்தாதான் நங்கூரம் மண்ணைக் கவ்வும், நேரா மேல இழுத்தா புடுங்கிட்டு வந்துரும்.

அதனால நடுக்கடல்ல படகு ராவும் பகலும் போய்க்கிட்டேதான் இருக்கும். ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்குற கேனரி தீவுல லாஸ் பால்மாஸ்ல கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி கரீபியன்ல செயின்ட் லூசியா போய்ச் சேர சுமார் 2700 கடல் மைல் (5000 கிலோமீட்டர்), நடுத்தரமான படகுக்கு 3 வாரம் ஆகும். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்னா 3 மணி நேரம் இவர் முழிச்சிருந்து பாத்துக்குவாரு, 3 மணி நேரம் அவங்க, முழுத் தூக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தனியா போறவங்க கதை இன்னும் மோசம், 20 நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வச்சு எழுந்து கப்பல் ஏதும் வருதான்னு பாத்துட்டுப் படுப்பாங்க.

அப்ப சுக்கான யாரு பிடிக்கிறதுன்னு கேப்பீங்க. காத்தே பிடிக்கும்! படகு பின்னாடி ஒரு தகடு நிக்கும், படகு வழி மாறினா காத்து அந்தத் தகட்ட ஒருபக்கமா சாய்க்கும், அது தண்ணிக்குள்ள இருக்குற துடுப்பத் திருப்பும், ஓடுற தண்ணி அந்தத் துடுப்பப் பலமா தள்ளும், துடுப்புல கட்டுன கயிறு சுக்கான இழுத்து படகப் பழைய வழிக்குக் கொண்டு வந்துரும். துளி கரண்ட் வேணாம். ஒரே வம்பு, காத்து திசை மாறினா இதுவும் நல்ல பிள்ளையா கூடவே மாறிப் போயிரும், காலைல பாத்தா நாம எங்கயோ இருப்போம்.

நான் ஒரே ஒரு தடவை தாய்லாந்து ஃபூக்கெட்ல இருந்து மலேசியாவோட லங்காவி தீவு வரைக்கும் ஒரு படகுல தொத்திக்கிட்டுப் போனேன். ராத்திரி 2 மணி, என் முறை, தூரத்துல கணவா பிடிக்கிற படகுங்க பச்சை வெளிச்சம் போட்டுக்கிட்டு நிக்குது, எது நிக்குது எது நம்ம மேல வருதுன்னே புரியல, பயந்து போய் தூங்கிட்டிருந்த கேப்டன 4 தடவை எழுப்பினேன், 4வது தடவை அவரு கெட்ட வார்த்தைல ஏதோ சொன்னாரு, மொழி தெரியாததால தப்பிச்சேன்.

கேள்வி: நம்ம பக்கத்துப் பொண்ணுங்க யாராச்சும் இப்படி உலகம் சுத்தியிருக்காங்களா? (மாணவி, விழுப்புரம்)

ஓ! புதுச்சேரி ரூபா, கேரளாவுல இருந்து தில்னா, ரெண்டு பேரும் கடற்படை ஆபீசர்ங்க. 56 அடி ‘தாரிணி’ படகுல 2024 அக்டோபர் 2 கோவால கிளம்பி, 4 துறைமுகத்துல மட்டும் நின்னு, 2025 மே 29 திரும்பி வந்தாங்க. ஆனா அது கடற்படைப் பயணம்மா, நாள் கணக்கு உண்டு. குடியிருக்கிறவங்க ஒரு தீவு பிடிச்சுப் போச்சுன்னா புயல் சீசன் வர்ற வரைக்கும் அங்கயே கிடப்பாங்க.

கேள்வி: ஆடுற படகுல எப்படி சமைக்கிறாங்க? (வாசகர், திருநெல்வேலி)

அடுப்பு ரெண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி தொங்கும் அண்ணே, படகு சாஞ்சாலும் அடுப்பு மட்டமாவே இருக்கும். அதுக்கும் மேல அவங்க உயிரா வச்சிருக்கிறது எது தெரியுமா, நம்ம வீட்டு பிரஷர் குக்கர்! கேஸ் மிச்சம், தண்ணி மிச்சம், மூடி பூட்டிக்கிறதால பாத்திரமே உருண்டாலும் சாம்பார் கொட்டாது. முட்டைய ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதில்ல, கழுவாத முட்டையா வாங்கி நாளைக்கொரு தடவை புரட்டி விட்டாலே வாரக்கணக்குல தாங்குதாம். எங்க அம்மாகிட்ட சொன்னேன், நம்பல.