ஆண்டவர் ஒருவர்தானே, சர்ச் ஏன் தனி?

கேள்வி (வாசகி, ஏற்காடு): அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே கறுப்பின மக்களின் சர்ச்சுக்குப் போய் வந்ததாகப் போனில் சொன்னான். எல்லோரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே, அப்புறம் எதற்குத் தனி சர்ச்?

பதில்: அவர்களாகப் பிரியவில்லை அம்மா, எழுப்பி விட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் செயின்ட் ஜார்ஜ் என்ற மெதடிஸ்ட் சர்ச். அதைப் பெரிதாக்கக் கறுப்பினத்தவரும் காசு கொடுத்து வேலையும் செய்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறு, மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை, இங்கே இருக்கக் கூடாது என்று நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியட்டும் என்று அவர் கெஞ்சியும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் எல்லோரும் எழுந்து வெளியேறினார்கள். கூட இருந்த ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்து உழைத்த காசில் தன் விடுதலையை வாங்கியவர், ஒரு பழைய கொல்லன் பட்டறையை நகர்த்திக்கொண்டு வந்து வைத்து 1794-இல் பெத்தேல் சர்ச்சைத் தொடங்கினார். 1816-இல் அது தனிச் சபையானது. (நாம் உச்சுக்கொட்ட வேண்டியதில்லை, திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக உட்காரவைத்த கதை நம்முடையதுதான்.)

கேள்வி (வாசகர், அஸ்தம்பட்டி): மார்ட்டின் லூதர் கிங் போதகர் என்பதால்தான் சர்ச்சுகள் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு வந்தனவா?

பதில்: தலைகீழாகச் சொல்கிறீர்கள். வெள்ளைக்காரர் அனுமதி இல்லாமல் கறுப்பினத்தவர் கூடுவதற்குச் சொந்தமாக இருந்த கட்டடம் பல ஊர்களில் சர்ச் ஒன்றுதான், அதனால் பள்ளிக்கூடம், சங்கம், உதவி நிதி எல்லாம் அங்கேயே முளைத்தன. கறுப்பினப் பெண்களுக்கான அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி 1881-இல் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் 11 பெண்களோடு தொடங்கியதுதான்.

பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் கிங் தலைமையில் அவர்கள் பஸ் ஏற மறுத்த புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு வேலைக்கு வருகிறவர் ஒரு வருஷத்துக்கு மேல் டவுன் பஸ்ஸே ஏறாமல் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். சர்ச்சுகள் தங்கள் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஓட்டின; 'உருளும் சர்ச்' என்றே அவற்றுக்குப் பெயர். உள்ளூர்க் கம்பெனிகள் அந்த வண்டிகளின் இன்சூரன்ஸை ரத்து செய்துகொண்டே இருந்ததால் கடைசியில் லாயிட்ஸ் என்ற லண்டன் இன்சூரன்ஸ் சந்தையில் போய் எடுத்தார்கள். பெட்ரோல் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், தோழிகளோடு கேக்கும் வறுத்த கோழியும் விற்று, வாரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். கொடுத்தது யார் என்று தெரிந்தால் வீட்டு வேலை போய்விடும், அதனால் காசு 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பெயரில் வந்தது. எனக்கு இதில் கிங்கைவிட இவரைத்தான் பிடிக்கும்.

கேள்வி (வாசகர், சேலம்): எல்லாப் போதகர்களும் துணிந்து நின்றார்களா?

பதில்: இல்லை. கறுப்பின பாப்டிஸ்ட்களின் மாபெரும் அமைப்புக்குத் தலைவராக இருந்த ஜோசப் ஜாக்சனுக்கே மறியல் பிடிக்காது. அந்தச் சண்டையில் 1961-இல் அமைப்பு உடைந்து, கிங் தரப்பு தனியாகப் போனது. பயமும் நியாயமானதுதான்: 1963-இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கறுப்பினச் சர்ச்சில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நாலு சிறுமிகள் செத்தார்கள். இன்னொரு குறை, சபை வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டுப் பதவியை ஆண்களே வைத்துக்கொண்டது. ஆலன் தொடங்கிய சபையில் முதல் பெண் பிஷப் வந்தது 2000-இல்தான்.