எத்தனை மணி நேரம் படித்தாள் என்று கேட்காதீர்கள்

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை மகளோடு வந்திருந்தீர்கள். "பி.காம் முடிச்சு ஒரு வருஷமாச்சு சார், வீட்டுலயே உட்கார்ந்திருக்கா, கவர்ன்மெண்ட் வேலைக்கான குரூப் 4 பரீட்சையும் போச்சு" என்று நீங்கள் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்று அன்றைக்குச் சிலவற்றை விட்டுவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையை போனில் எனக்குக் காட்டினாள். விடியற்காலை 4 மணிக்கு ஆரம்பம், நாளைக்கு 12 மணி நேரம். எத்தனை நாள் ஓடியது என்று கேட்டேன். "ஒன்பது நாள் சார்." பத்தாம் நாள் அத்தை வீட்டு வளைகாப்பு, அதோடு சரி. அப்புறம் விட்டுப்போச்சே என்ற வருத்தத்திலேயே இரண்டு வாரம் போயிருக்கிறது. பிள்ளை சோம்பேறி இல்லை, அட்டவணைதான் தப்பு. அதைக் கிழித்துப்போட்டு மூன்று மணி நேரம் படித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அது குறைச்சலாகத் தெரியும். வளைகாப்பு நாளிலும் படிக்க முடிகிற அளவு அதுதான்.

இனி கணக்கு விஷயம். குரூப் 4-ல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், கையில் இருப்பது 54 விநாடி. தமிழில் 100 கேள்வி. அதில் உங்கள் மகளுக்குக் குறையே இல்லை. திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் 11 தான் சரி. "எனக்குக் கணக்கு வராது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். தவறிப்போன 14-ஐயும் எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அதில் ஐந்தை என் எதிரிலேயே சரியாகப் போட்டாள். தேர்வறையில் நேரம் இல்லாமல் விட்டவை அவை.

நேரம் எங்கே போனது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம், இரண்டு வருஷம். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? இவள் தனிவட்டி 2,000 என்று கண்டுபிடித்து, கூட்டுவட்டிக்கு சூத்திரம் எழுதி, அடுக்கு பெருக்கி, 2,100 வந்து, கழித்து 100 என்கிறாள். விடை சரி, ஆனால் மூன்று நிமிஷம் காலி. முதல் வருஷ வட்டி 1,000-க்கு அடுத்த வருஷம் விழுகிற வட்டிதானே அந்த வித்தியாசம்? ஒரே வரியில் 100. இதைச் சொன்னதும், "இவ்வளவுதானா சார்?" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆகவே பத்து நாளைக்கு இந்த வட்டிக் கணக்கு மட்டும், தினம் ஐந்து. பிறகு நேரமும் வேலையும், அதற்குப் பிறகு விகிதம். தவறிய கணக்குக்கு மட்டும் தனி நோட்டு. தெரியாமல் தப்பானதா, அவசரத்தில் தப்பானதா என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நேரத்தால் போன அந்த ஐந்தோடு இன்னும் மூன்று சரியானாலே 12 மதிப்பெண். இந்தத் தேர்வில் 12 மதிப்பெண் ஒருவரைத் தரவரிசையில் எவ்வளவு தூரம் தூக்கும் என்று எழுதிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கூடவே தினம் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் கிளாஸ். தட்டச்சர் பணியும் குரூப் 4-லேயே வருகிறது, அதற்குத் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். தட்டச்சுத் தேர்வில் லோயர் நிலைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் நிலைக்கு 45. நான் முதல் தடவை ஸ்பீடு பேப்பரில் கோட்டை விட்டவன். சாவியைப் பார்த்துப் பார்த்து அடிப்பேன். மாஸ்டர் என் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, மறுபடி 'ஏஎஸ்டிஎஃப்' வரிசையிலிருந்து ஆரம்பி என்றார். சுண்டு விரலுக்கு வலு இல்லாததால் தாளில் 'ஏ' எழுத்து மட்டும் மங்கலாகவே விழும். அது மற்ற எழுத்துகளைப் போல அழுத்தமாக விழ மூன்று வாரம் ஆனது. எந்த நாளில் விழ ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. லட்சக்கணக்கான பேர் எழுதுகிற தேர்வு இது. ஒழுங்காகப் படித்தும் கிடைக்காமல் போகலாம். அதனால் இன்னும் இரண்டு முறை எழுதட்டும் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி மென்பொருளைக் கற்றுக்கொண்டு, தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் அரை நாள் வேலை கிடைத்தால் போகட்டும். படிப்பு கெடாது. மூன்று மணி நேரம்தானே?

உங்களிடம் ஒரு உதவி. "இன்னைக்கு எத்தனை மணி நேரம் படிச்சே?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். பெரியம்மா பையன் பேங்கில் சேர்ந்த கதையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, "இந்த வாரம் எந்தக் கணக்கு பிடிபட்டுச்சு?" என்று கேளுங்கள். உங்களுக்கே சொல்லிக் காட்டட்டும். பத்தாவதில் உங்களுக்குக் கணக்கில் நல்ல மார்க் என்று அவள்தான் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து வாருங்கள். மார்க் ஷீட் எதுவும் வேண்டாம், அந்தத் தவறு நோட்டை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.