அப்பா முகம் சிவந்ததுக்குக் காரணம் குடி இல்லியாம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

போன வருஷம் ஒரு பதிவுல உங்களுக்கு நியூரோஎண்டோகிரைன் டியூமர் (ஹார்மோன் சுரக்கற செல்லுல வர்ற கட்டி) இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு வேற விஷயத்துக்குப் போயிட்டீங்க. அந்த வரியைத் தேடித்தான் இப்ப வந்திருக்கேன்.

நாங்க கடலூர் ஓ.டி. (பழைய டவுன்). அப்பாவுக்கு 59 வயசு, கருவாட்டு வியாபாரம். நாலு வருஷமா ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ வயித்தால போகும். திடீர்னு முகமும் கழுத்தும் சூடாகி ஒரு மாதிரி கறுத்துச் சிவக்கும். வசூலுக்கு வாரத்துல ரெண்டு நாள் பாண்டி போவாரு, அதனால எல்லாரும் அங்க குடிச்சிட்டு வர்றாருன்னே முடிவு பண்ணிட்டோம். அம்மா சண்டை போட்டுப் போட்டு ஓஞ்சிட்டாங்க, நான் ரெண்டு வருஷமா அவர்கிட்ட சரியா பேசறதில்ல. போன மாசம் ஸ்கேன்ல சிறுகுடல் கடைசில ஒரு கட்டி, லிவர்ல நாலஞ்சு புள்ளி. பயாப்ஸி (கட்டிலேந்து துளி சதை எடுத்துப் பாக்கறது) ரிப்போர்ட்ல உங்களுக்கு இருக்கற அதே நியூரோஎண்டோகிரைன் டியூமர்தான், வெல் டிஃபரன்ஷியேட்டட், கிரேடு 1, கேஐ-67 2% னு போட்டிருக்கு. மாசம் ஒரு ஊசி போடணுமாம். பெரிய மாமா, இதே நோய்லதான் நடிகர் இர்ஃபான் கான் செத்தாருன்னு சொல்றாரு. சின்ன மாமா, கத்தி வச்சீங்கல்ல, இனிமே பரவும்னு சொல்றாரு. ரெண்டு பேரும் ஒத்துப் போற ஒரே விஷயம் அப்பாகிட்ட சொல்லக் கூடாதுங்கறதுதான். இது கேன்சரா இல்லியா அக்கா? எவ்ளோ நாள்?

பெயர் வேண்டாம், கடலூர்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேன்சர்தான். சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எங்கிட்டயும் "இது கேன்சர் மாதிரி, ஆனா கேன்சர் இல்ல"ன்னு ஒருத்தர் சொல்லி நான் ரெண்டு மாசம் நிம்மதியா தூங்கி, அப்புறம் உண்மை தெரிஞ்சப்ப டபுளா உடைஞ்சேன். அந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1907ல ஜெர்மனில சீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர்னு ஒரு டாக்டர் இந்தக் கட்டிக்கு கார்சினாய்டுன்னு பேர் வச்சாரு, கேன்சர் மாதிரின்னு அர்த்தம். 1929ல அவரே, இல்லப்பா இதுவும் பரவத்தான் செய்யுதுன்னு திருத்திக்கிட்டாரு, ஆனா முதல்ல வச்ச பேர் சும்மா போகுமா, இன்னிக்கும் அந்த "மாதிரி" சுத்திக்கிட்டே இருக்கு.

பெரிய மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, நெத்திலியும் மீனுதான் சுறாவும் மீனுதான். ஓ.டி.ல இருக்கறவருக்கு இது புரியாம போகாது. குடல், கணையம், நுரையீரல்னு உடம்பு பூரா ஹார்மோன் சுரக்கற செல்லுங்க பரவிக் கிடக்கு, அதுல எது கெட்டாலும் நியூரோஎண்டோகிரைன்னு ஒரே பேருதான். இர்ஃபான் 2018 மார்ச்ல தனக்கு இருக்குன்னு வெளிய சொன்னாரு, 2020 ஏப்ரல் 29 போயிட்டாரு. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு கணையத்துல, 2003ல கண்டுபிடிச்சாங்க, 2011 வரைக்கும் இருந்தாரு. இர்ஃபான் சொன்ன அதே வருஷம்தான் எனக்கும் பேர் வச்சாங்க, எனக்கும் லிவர்ல புள்ளி இருந்துச்சு, இதோ பாண்டி முத்தியால்பேட்டைல மின்விசிறிக்குக் கீழ உக்காந்து உங்களுக்கு டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன். மூணு பேர் கதையும் உங்க அப்பா கதை இல்ல. ரிப்போர்ட்ல இருக்கற நம்பர்தான் அவரு கதை. கேஐ-67ன்னா நூறு செல்லுல எத்தனை செல்லு இப்ப பெருகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். 3க்குக் கீழ இருந்தா கிரேடு 1, 3லேந்து 20 வரைக்கும் 2, அதுக்கு மேல 3. எனக்கு 4, அப்பாவுக்கு 2. அதாவது என்னை விட அவரு கட்டி சோம்பேறி. வெல் டிஃபரன்ஷியேட்டட்னா கட்டியோட செல்லு இன்னும் சாதாரண செல்லு மாதிரியே இருக்குன்னு அர்த்தம், அதுவும் நல்ல வார்த்தைதான். எவ்ளோ நாள்னு நாள் கணக்குல கேக்காதீங்க, இந்த மாதிரி கட்டிய வச்சிக்கிட்டு வருஷக் கணக்குல ஓட்டறவங்க நிறைய பேர். லிவருக்குப் போனப்புறம் முழுசா துடைச்சு எடுக்கறது பெரும்பாலும் நடக்கறதில்ல, அதையும் மறைக்கல. நம்பரும் அப்படியே கல்வெட்டு மாதிரி நிக்காது, மாறலாம், அதுக்குத்தான் மறுபடி மறுபடி ஸ்கேன்.

சின்ன மாமாவுக்கு: பயாப்ஸி எடுத்ததாலதான் இந்த 2% தெரிஞ்சுது, எடுக்கலன்னா நெத்திலிக்கு சுறா வலையத் தூக்கிட்டுப் போயிருப்போம்.

இப்ப அந்த முகம் சிவக்கற விஷயம். இத கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன், ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப வலிச்ச எடம் அதுதான். சிறுகுடல் கட்டி செரடோனின்ங்கற ஹார்மோன் மாதிரி சரக்க ரத்தத்துல கொட்டும். குடல்லேந்து வர்ற ரத்தம் நேரா லிவருக்குப் போகும், லிவர் அத உடைச்சுப் போட்டுடும், அதனால வெளிய ஒண்ணும் தெரியாது, கட்டி பாட்டுக்கு வருஷக் கணக்குல இருக்கும். லிவர்லயே கட்டி முளைச்சதும் அது கொட்டறது உடைபடாம உடம்பு பூரா போயிடுது, அப்பதான் பேதி, சூடு, சில பேருக்கு மூச்சு இழுப்பு. நம்ம நிறத்துக்கு டாக்டர் புக்ல வர்ற மாதிரி செக்கச்செவேல்னு தெரியாது, கறுத்து மினுமினுன்னு ஆகும், தொட்டா அனல். எனக்கு அப்ப 47 வயசு, ஒரு டாக்டரம்மா மாதவிடாய் நிக்கற நேரம் அப்படித்தான் இருக்கும்னாங்க, இன்னொருத்தர் வயித்துக்கு கேஸ் மாத்திரை குடுத்தாரு, மூணாவது ஆளு டென்ஷன் குறைங்கன்னாரு, நாலு வருஷம் ஓடிப்போச்சு. எனக்கு மாதவிடாய்னு பேர் வச்சாங்க, உங்க அப்பாவுக்கு குடின்னு பேர் வச்சாங்க, அவ்ளோதான் வித்தியாசம். பாண்டிக்கு வந்துட்டு முகம் சிவந்து வீட்டுக்குப் போற ஆம்பளைய யாரு நம்புவா சொல்லுங்க. (சாராயம் உள்ள போனா இந்த சூடு இன்னும் கிளம்பும்ங்கறது நிஜம், அதனால எப்பவாவது குடிக்கற பழக்கம் இருந்தா இப்ப விட்டுடச் சொல்லுங்க, ஆனா அது நோய்க்குக் காரணம் இல்ல.)

அதனால அப்பாகிட்ட சொல்லித்தான் ஆகணும். சாகப் போறேன்னு சொல்றதா நினைக்காதீங்க, "நீ குடிக்கல, உடம்புக்குள்ள ஒரு கட்டி பண்ண வேலை இது"ன்னு சொல்றீங்க. நாலு வருஷமா அவரு குடிக்கலன்னு சொன்னத யாரும் கேக்கல. பேர் தெரிஞ்ச அன்னிக்கு நான் அழுதேன், ஆனா அதுல பாதி நிம்மதி, அப்பாடா எனக்குப் பைத்தியம் இல்லன்னு.

மாச ஊசிய பத்தி எழுதியிருக்கீங்க. ஆக்ட்ரியோடைடு, இல்லன்னா லான்ரியோடைடு. 28 நாளைக்கு ஒரு தடவ. கட்டிய வேலை செய்ய விடாம பண்ணும், வளர்றதயும் மெதுவாக்கும். ஆக்ட்ரியோடைடு பவுடரா வரும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், போடறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து அறை சூட்டுக்கு வர விடணும், கலக்குன உடனே இடுப்புக்குக் கீழ ஆழமா சதைல போட்டுடணும். ஒரு தடவ நர்ஸ் கலக்கி வச்சிட்டு போன் பேசப் போனாங்க, திரும்பி வந்தா ஊசில அடைச்சுக்கிச்சு, ஒரு மாச மருந்து குப்பைக்கு. விலை தெரிஞ்சா உங்களுக்கே வயிறு கலங்கும். அதனால வெக்கப்படாம பக்கத்துல நின்னு பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய கைல வச்சிக்கிட்டு முன்னாடியே ஆஸ்பத்திரி கவுண்ட்டர்ல விசாரிச்சுடுங்க. ஊசி போட ஆரம்பிச்சப்புறம் மலம் எண்ணெய் மாதிரி மிதந்தா பயப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கு சாப்பாட்டோட போட்டுக்கற என்சைம் மாத்திரை இருக்கு. பித்தப்பைல கல்லும் வரலாம், பாத்துக்கணும்.

இருபத்திநாலு மணி நேர யூரின் டெஸ்ட் எழுதுவாங்க, 5-ஹெச்ஐஏஏன்னு, செரடோனின் உடைஞ்சு யூரின்ல வர்ற சரக்கு அது. அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடிலேந்து வாழைப்பழம், அன்னாசி, தக்காளி எல்லாம் கூடாது, லேப்ல லிஸ்ட் குடுப்பாங்க, எங்க லிஸ்ட்ல கத்திரிக்காயும் இருந்துச்சு. தக்காளி இல்லாம மூணு நாள் சமைச்சுப் பாருங்க, அப்பதான் நம்ம பாட்டிங்க புளிய வச்சே குடும்பம் நடத்துனது புரியும். அந்த அஞ்சு லிட்டர் கேன மடில வச்சிக்கிட்டு முத்தியால்பேட்டைலேந்து கோரிமேடுக்கு டவுன் பஸ்ல போனேன், கண்டக்டர் எட்டிப் பாத்துட்டு "இன்னா மேடம், கள்ளா?"ன்னாரு. ஆமாப்பா, வீட்டுச் சரக்குன்னேன். நோயில வாய்விட்டுச் சிரிச்சது அன்னிக்குத்தான்.

டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் நீங்களா கேளுங்க. ஒண்ணு, ஹார்ட்டுக்கு எக்கோ. இந்த செரடோனின் இதயத்தோட வலது பக்க வால்வ தடிக்க வச்சிடும், இடது பக்கம் போறதுக்குள்ள நுரையீரல் அத வடிகட்டிடறதால வலது பக்கம்தான் அடி. கால் வீங்குனா வயசாச்சுன்னு விட்டுடாதீங்க. இன்னொண்ணு, காலியம் 68 டோடாடேட் பெட் ஸ்கேன். இந்தக் கட்டி மேல ஒரு பூட்டு மாதிரி ரிசெப்டார் இருக்கும், சாவிய போட்டுப் பாத்தா எங்கெங்க இருக்கோ அங்கல்லாம் விளக்கு எரியும். அப்படி எரிஞ்சா, பின்னாடி தேவைப்பட்டா அதே சாவில லூட்டீசியம் 177ன்னு கதிரியக்க மருந்த கட்டி அனுப்பலாம், வழக்கமா எட்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு தடவ. நம்ம பம்பாய் டிராம்பேல இருக்கற துருவா அணு உலைலயே அந்த லூட்டீசியத்த தயார் பண்றாங்க. எனக்கு வேலூர் சி.எம்.சி.ல போட்டாங்க. கூடவே கிட்னிய காப்பாத்த அமினோ ஆசிட் டிரிப் ஏத்துவாங்க, மருந்த விட அதுதான் குமட்டுச்சு. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் பேரப்புள்ளைய தூக்க விடல, அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துன கத்து இருக்கே. உங்க அப்பாவுக்கு இது இப்பவே தேவைப்படாம போகலாம், ஊசியே பல வருஷம் தாங்கலாம். ஆனா பேர் காதுல விழுந்திருக்கட்டும். அப்புறம் பல்லு புடுங்கப் போனாக்கூட எனக்கு இந்தக் கட்டி இருக்குன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க, மயக்க மருந்து நேரத்துல பிரஷர் தாறுமாறா போகலாம், அதுக்கு அவங்க முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும்.

நாட்டு மருந்து குடுக்கச் சொல்லி நிச்சயம் யாராவது வருவாங்க. குடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க, ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க. திருவதிகைக்குப் போகச் சொன்னா போங்க. அப்பருக்கு சூலை (வயித்து வலி) தீந்த எடம், உங்களுக்குப் பக்கம்தான். நானும் போனேன், அந்த மாச ஊசிய போட்டுக்கிட்டுத்தான்.

சாப்பாடு ஆளுக்கு ஆள் மாறும். காரம், எண்ணெய், ஒரே வேளைல நிறைய சாப்பிடறது பல பேருக்கு ஆகாது. ரொம்ப நாள் வச்சிருந்தது, புளிச்சது சில பேருக்கு சூட்ட கிளப்பும், அதுல கருவாடும் வரலாம், உங்க வீட்ல இத சொன்னா என்னை அடிக்க வருவாங்கன்னு தெரியும். அடியோட விடச் சொல்லல, எழுதிப் பாருங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு சூடு வந்துச்சு, எவ்ளோ நிமிஷம் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாரு, எத்தனை தடவ வெளிய போனாருன்னு தினம் எழுதுங்க. டாக்டர் அதத்தான் முதல்ல கேப்பாரு. அவரையே எழுதச் சொல்லாதீங்க, நீங்க பக்கத்துல உக்காந்து, அவரு சொல்லச் சொல்ல, நீங்க எழுதுங்க. எனக்கு வீட்டுக்காரர்தான் எழுதுனாரு, கோழி கிளறுன கையெழுத்து, டாக்டர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நீங்களே படிச்சுக் காட்டுங்கன்னு அவர்கிட்டயே குடுத்துட்டாரு.